சீட்டைக் கொடுத்தால் கடமை முடிந்ததா?



சென்ற மாதம் நமது சங்க அறைக்கு ஓர் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் மும்பைக்கு வந்தவர். தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, இட்லி அவித்து, தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள். அவற்றோடு, மடிப்புக் கூடக் கலையாமல், ஒரு டிஸ்சார்ஜ் கார்டு.

ஒன்றரை ஆண்டுக்கு முன் இந்த மாநகரின் ஒரு மருத்துவமனையில் அவருக்குச் சிறுநீரகக் கல்லை எடுத்தார்கள். நான்காம் நாள் காலை "வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். பணம் கட்டினார். மருந்து வாங்கினார். கார்டைக் கையில் கொடுத்தார்கள். ஓய்வெடுக்க ரயில் ஏறி ஊருக்குப் போனார். இரண்டு மாதத்தில் வலி நின்றது. திரும்பி வந்து மீண்டும் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்தார். வலி இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று நினைத்தார். நாமும் அப்படித்தானே நினைப்போம்?

பிறகு குளிர்காய்ச்சல் வந்தது. சிறுநீரில் ரத்தம் வந்தது. வேறோர் இடத்தில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், "உள்ளே குழாய் இருக்கிறதே, ஏன் இத்தனை நாள் எடுக்காமல் விட்டீர்கள்?" என்று கேட்டார். அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் உடம்புக்குள் ஒரு குழாய் இருக்கிறது என்பதையே அன்றுதான் அவர் அறிந்தார்.

கல் எடுத்தபின் சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காகச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை மெல்லிய குழாய் ஒன்றை வைப்பதுண்டு. டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். அது தற்காலிகமானது. பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். எடுப்பதும் பெரிய வேலை அல்ல. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர் வழியாகவே எடுத்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால் அதன்மேல் உப்புப் படியும், கல் பிடிக்கும், அடைப்பு உண்டாகும், கிருமி சேரும், சிறுநீரகமே கெட்டுப்போகும். அண்ணாச்சிக்கு நடந்தது இதுதான். மேலும் இரண்டு அறுவைச் சிகிச்சை, கழுத்தளவு கடன். இன்று ஒரு சிறுநீரகத்தின் வலு பெரிதும் குறைந்துவிட்டது.

அவரை அழைத்துக்கொண்டு முதலில் சிகிச்சை செய்த இடத்துக்கு நாங்கள் போனோம். அங்கிருந்தவர்கள் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. கார்டை வாங்கிப் பார்த்த ஒருவர், ஆறாவது வரியில் விரலை வைத்து, "எழுதியிருக்கிறதே!" என்றார்.

ஆம், எழுதித்தான் இருந்தது. 'டி.ஜே.எஸ். இன் சிட்டு, எஸ்.ஆர். 4 டபிள்யு.கே.' என்று ஆங்கிலத்தில், கோழி கிளறியது போன்ற எழுத்தில். குழாய் உள்ளே இருக்கிறது, நான்கு வாரத்தில் எடுக்க வேண்டும் என்பது அதன் பொருளாம். எங்களில் ஒருவர் பத்தாம் வகுப்புத் தேறியவர், இன்னொருவர் பட்டதாரி. இருவராலும் படிக்க முடியவில்லை. மருந்துக் கடைத் தம்பியாலும் பாதிதான் படிக்க முடிந்தது. ஊரில் இருந்த இரண்டு மாதத்தில் சாதாரணக் காய்ச்சலுக்கு அங்குள்ள மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். அவராவது படித்திருப்பார். ஆனால் மதினி இந்தக் கார்டை அவரிடம் காட்டவில்லை. "அது பணம் கட்டின சீட்டுதானேன்னு பெட்டிக்குள்ள வச்சிருந்தேன்" என்று சொல்லி அழுதார்.

அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அச்சத்தால் அல்ல. பெயரை எழுதினால், தவறு அந்த ஓர் இடத்தில் மட்டும் நடப்பதாக நாமே நினைத்துவிடுவோம். நம்மில் எவர் வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் இப்படி ஒரு கார்டு கிடைக்கும்.

அந்தக் கார்டு யாருக்காக?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மருத்துவமனை தன் வேலையை முடித்துவிட்டதற்கு அத்தாட்சியாகவா? இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருவதற்காகவா? கம்பெனியில் லீவுக்குக் காட்டுவதற்காகவா? இவை எல்லாவற்றுக்கும் அது பயன்படுகிறது. ஆனால் அது பிறந்த காரணம் வேறு. நோயாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறார். மருத்துவமனையின் கையிலிருந்து தன் கைக்கும், தன் குடும்பத்தின் கைக்கும், அடுத்து வரப்போகும் மருத்துவரின் கைக்கும் மாறுகிறார். அந்தக் கைமாற்றத்தில் ஒன்றும் தவறி விழாமல் இருக்கத்தான் அந்தக் காகிதம்.

ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் எங்களுக்கு இது புதிதல்ல. பாதையில் ஓரிடத்தில் பழுது பார்க்கிறார்கள் என்றால், வண்டி அந்த இடத்தை அடையும் முன் குறித்த நிலையத்தில் ஓட்டுநர் கையில் ஒரு காகிதம் தரப்படுகிறது. காஷன் ஆர்டர் என்று அதற்குப் பெயர். டி-409 என்பது படிவ எண். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, எத்தனை வேகம், என்ன காரணம் என்று அதில் எழுத வேண்டும். ஓட்டுநர் அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட வேண்டும். எழுதினோம், எங்கள் வேலை முடிந்தது என்று நிலைய அதிகாரி மேசைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. ஓட்டுநர் படித்து அறிந்தால்தான் அது ஆணை. இல்லையேல் வெறும் காகிதம்.

இன்னொன்றும் உண்டு. வழியில் எந்த எச்சரிக்கையும் இல்லாவிட்டாலும் ஓட்டுநரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அதற்கும் தனிப் படிவம் இருக்கிறது. 'நில்' காஷன் ஆர்டர் என்பார்கள். தமிழில் வண்டியை நிற்கச் சொல்லும் 'நில்' அல்ல இது! 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஏன் இப்படி ஒரு விதி? காகிதம் வராவிட்டால், எச்சரிக்கை இல்லையா அல்லது எழுத மறந்தார்களா என்று ஓட்டுநருக்குத் தெரியாது. ஒன்றுமில்லை என்பதையும் எழுதிக் கொடுத்தால்தான் மறதிக்கு இடமிருக்காது. விபத்துகளில் உயிர்களைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் இது.

ஒரு வண்டிக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, மருத்துவமனையிலிருந்து வெளியேறும் மனிதருக்கு வேண்டாமா? அண்ணாச்சியின் கார்டில் 'உடம்புக்குள் விடப்பட்டுள்ள பொருள்' என்று தனியே ஒரு கட்டம் இருந்து, அதில் 'குழாய், இன்ன தேதிக்குள் எடுக்க வேண்டும்' என்று தெளிவாக எழுதி, படித்துக் காட்டி, அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

எங்கெல்லாம் தவறுகிறது?

குழாய் ஒன்றுதான் தவறுவது என்பதில்லை.

மருந்தை எடுத்துக்கொள்வோம். நமது உறுப்பினர் ஒருவரின் தாயார் சர்க்கரை நோயாளி. மருத்துவமனையில் இருந்து வந்தபோது கார்டில் ஒரு மாத்திரையின் பெயர் இருந்தது. வீட்டில் ஏற்கெனவே வேறு பெயரில் ஒரு மாத்திரை இருந்தது. இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. பழையதை நிறுத்து என்று கார்டு சொல்லவில்லை. அம்மா இரண்டையும் விழுங்கினார். மறுநாள் விடியலில் சர்க்கரை இறங்கி நினைவு தப்பியது. பக்கத்துச் சாலில் இருந்த ஒரு நர்ஸ் ஓடிவந்து பார்த்ததால் பிழைத்தார். எது புதிது, எது பழையது, எது நிறுத்தப்பட்டது என்று மூன்று வரி எழுதியிருந்தால் போதும்.

சோதனை முடிவுகள் அடுத்தது. அறுத்தெடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரப் பல நாட்கள் ஆகும். அதற்குள் நோயாளியை அனுப்பிவிடுகிறார்கள். அவர் நாகர்கோவில் வண்டியில் ஏறிவிடுகிறார். முடிவு வந்து ஏதோ ஒரு பைலில் உறங்குகிறது. அது புற்றுநோய் என்று சொல்லும் முடிவாக இருந்தால்? யார், எங்கே, எப்போது போய் வாங்க வேண்டும் என்று கார்டில் இல்லாவிட்டால் அவருக்கு அதை யார் சொல்வார்கள்?

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருகிறார்கள். அதைத் தானாக நிறுத்தினால் மீண்டும் அடைப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து. 'தொடரவும்' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டால், வாங்கிய பட்டை தீர்ந்ததும் நம் மக்கள் நிறுத்திவிடுவார்கள். எத்தனை மாதம், யாரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதை எழுத வேண்டாமா?

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனி எழுத்துப் பிழை இல்லையே என்று சிலர் கேட்கலாம். அச்சு தெளிவாக இருக்கிறது என்பது உண்மை, வரவேற்கிறோம். ஆனால் முந்தைய நோயாளியின் கார்டை நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால், தவறும் தெளிவாக அச்சாகிறது. இடது கால் வலது காலாகிவிடுகிறது. நான்கு பக்கத்துக்கு ரத்தப் பரிசோதனை எண்கள். நோயாளி செய்ய வேண்டியது கடைசிப் பக்கத்தின் அடியில் அரை வரி. காகிதம் கூடியிருக்கிறது, செய்தி கூடவில்லை.

எழுதுகிறவர் யார்?

கோபத்தில் நியாயத்தை மறந்துவிடக் கூடாது தோழர்களே. பெரிய மருத்துவமனைகளில் இந்தக் கார்டை எழுதுகிறவர் பெரிய டாக்டர் அல்ல. பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர். இரவு முழுதும் விழித்தவர். காலையில் வார்டுச் சுற்று முடிந்ததும் பத்துப் பதினைந்து கார்டுகளை எழுத வேண்டும். படுக்கைக்காக வெளியே தரையில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். இந்த நிலையில் எழுதும் கை என்ன எழுதும்?

பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணிக்கு மேல் வேலை இல்லை என்று 1992-லேயே மத்திய அரசு விதி வகுத்தது. அந்த விதி காகிதத்தில் தூங்குகிறது, மருத்துவர்கள் தூங்குவதில்லை. ரயில் எஞ்சின் தொழிலாளர்கள் 1973-இல் போராடித்தான் பத்து மணி நேர வேலை என்ற உறுதிமொழியையே பெற்றார்கள். களைத்த கண்களால் சிக்னலைப் பார்க்க முடியாது என்று அன்று நம் மூத்த தோழர்கள் சொன்னார்கள். களைத்த கையால் கார்டு எழுத முடியாது என்பதும் அதே நியாயம்தான். எனவே நமது கோரிக்கை அந்த இளம் மருத்துவர்களுக்கு எதிரானது அல்ல. ஆளைக் கூட்டு, நேரத்தைக் கொடு, கார்டைச் சரியாக எழுத விடு என்று அவர்களோடு சேர்ந்து கேட்பதே நமது நிலை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மும்பை மருத்துவர் எல்லாரும் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்பது நடக்காத காரியம். நாம் அதைக் கேட்கவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய கார்டு ரத்னகிரியிலிருந்து வந்த மராத்தித் தொழிலாளிக்கும் புரிவதில்லை. பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கும் புரிவதில்லை. அடுத்த மருத்துவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருக்கட்டும். நோயாளிக்கு மராத்தியிலும் இந்தியிலும் இன்னும் அங்கு அதிகம் வரும் மக்களின் மொழிகளிலும் அச்சடித்த ஒரு தாள், தேதியையும் மருந்தையும் மட்டும் நிரப்பும்படி இருக்கட்டும். எல்லா மொழித் தொழிலாளர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் பிச்சை கேட்கவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரது பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் அந்த விதி திருத்தப்பட்டது. ரகசியம் என்று காரணம் சொல்லி நோயாளிக்கோ உறவினருக்கோ கேஸ் பேப்பரின் நகலை மறுக்க முடியாது என்று மும்பை உயர்நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-இல் வெளிவந்த நோயாளிகள் உரிமைச் சாசனம், டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பெறுவது உரிமை என்கிறது. இறந்துவிட்டால் அதற்கான சுருக்கத்தைப் பெறுவதும் உறவினரின் உரிமை என்கிறது. நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. பணத் தகராறைக் காட்டி நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. படிக்கும்படியான மருத்துவச் சீட்டு என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் 2025-இல் கூறியது.

இத்தனையும் இருந்தும் அண்ணாச்சியின் குழாய் உள்ளேயே இருந்தது. ஏன்? நகல் பெறும் உரிமையைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. நகலில் என்ன இருக்க வேண்டும் என்று நாம் இதுவரை கேட்கவில்லை. கொடுத்தார்கள், வாங்கினோம், உறையில் வைத்தோம்.

நாம் கேட்பது

1. என்ன நோய், என்ன செய்தோம், உடம்புக்குள் எதையாவது வைத்திருக்கிறோமா? வைத்திருந்தால் எடுக்க வேண்டிய தேதி. இல்லையென்றால் 'இல்லை' என்ற சொல்.

2. மருந்துகள்: புதியவை, தொடர்பவை, நிறுத்தப்பட்டவை என்று பிரித்து, மூலப்பெயரோடு, எத்தனை நாள் என்ற கணக்கோடு.

3. வர வேண்டிய சோதனை முடிவுகள்: எவை, எங்கே, எப்போது வாங்குவது? இல்லையென்றால் 'இல்லை'.

4. மீண்டும் வர வேண்டிய நாள்: 'நான்கு வாரம்' என்று அல்ல, தேதி, கிழமை, எந்த ஓ.பி.டி., தொடர்பு எண்.

5. எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திராமல் ஓடிவர வேண்டும்?

6. இவற்றை விளக்கியவர் யார், எந்த மொழியில் என்று எழுதி இருவர் கையெழுத்து.

இதில் ஆகாயத்தில் இருப்பது எதுவும் இல்லை. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். விதிகளே, நோயாளிக்குப் புரியும்படி மருந்து விவரமும், அவசரத்தில் எப்போது, எப்படி உதவி பெறுவது என்பதும் சுருக்கத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் இடங்களில் நாம் அதையே காட்டிக் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

நம் பக்கக் குறையையும் ஒப்புக்கொள்வோம். "டாக்டர் கோபித்துக்கொள்வார்" என்று வாயை மூடிக்கொள்கிறோம். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுகிறோம். கார்டை லாமினேட் செய்து பூசை அறையில் வைக்கிறோம். ஊர் மருத்துவரிடம் காட்டுவதில்லை.

ஆகவே செயற்குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது. மேலே சொன்ன ஆறு கேள்விகளைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் அச்சடித்து வீடுதோறும் கொடுப்போம். டிஸ்சார்ஜ் நாளன்று உறுப்பினர் கூப்பிட்டால், படித்த இளைஞர் ஒருவர் கூடச் செல்வார். அவர் மருத்துவம் பேசமாட்டார். அது நம் வேலை அல்ல. அந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை நோயாளியின் மொழியில் எழுதிக்கொடுப்பார். கார்டைக் கைபேசியில் படம் எடுத்து ஊரில் உள்ள பொறுப்பான ஒருவருக்கு அனுப்பச் சொல்வார். சங்க அறையில் ஒரு நோட்டு வைப்போம். விரும்பியவர்கள் மட்டும் தங்கள் பெயரையும் திரும்பப் போக வேண்டிய தேதியையும் அதில் எழுதலாம். நோயின் பெயர் எழுத வேண்டியதில்லை. அது அவரவர் சொந்த விஷயம். தேதி நெருங்கும்போது நாங்கள் நினைவூட்டுவோம். சீட்டுக் கட்டத் தவறினால் வீடு தேடி வருகிறோமே, உயிருக்குத் தவறினால் வரமாட்டோமா?

அந்த நோட்டின் முதல் வரியை அண்ணாச்சியே எழுதினார். இரண்டாம் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இன்னொரு குழாய் வைத்திருக்கிறார்கள். இம்முறை எடுக்க வேண்டிய தேதியை மருத்துவரிடம் கேட்டு, தமிழில் எழுதி வாங்கி வந்திருக்கிறார். அந்தத் தேதி வருகிற மாதம் 14. அன்று காலை நம்மில் இருவர் அவரோடு போகிறோம்.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள கார்டை இன்றே எடுத்துப் பாருங்கள். புரியாத வரி இருந்தால், தந்த இடத்துக்கே போய்க் கேளுங்கள். தனியே போகத் தயங்கினால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து போவோம்!